பிள்ளை என்ன சீர்ப் பாத்திரமா?



உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அலுவலகத்தில் தலாக், குலா விவரங்கள் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெண் வீட்டார் போட்ட நகை எத்தனை பவுன், அதில் திரும்பி வந்தது எத்தனை, கைக்கூலியாக வாங்கிய ரொக்கம் எவ்வளவு, கட்டில், பீரோ, அண்டா, குடம் என்று வரிசையாக எழுதி, இரு தரப்பும் பெற்றுக் கொண்டதாகக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நல்லது. கணக்கு சரியாக இருக்க வேண்டியதுதான்.

பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். 'குழந்தை தாயாரிடம் இருக்கும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி கூட இல்லாத பக்கங்களும் உண்டு.

அண்டாவுக்கும் குடத்துக்கும் அரைப் பக்கம்! அல்லாஹ் கொடுத்த அமானிதத்துக்கு ஒரே ஒரு வரி! இது என்ன நியாயம்?

மற்றவர்களை மட்டும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் அப்படிப்பட்ட சபையில் உட்கார்ந்தவன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் ஒரு விவாகரத்து வழக்கைப் பேசி முடிக்க என்னையும் அழைத்திருந்தார்கள். நகைக் கணக்கை முடிக்க மூன்று மணி நேரமானது. அஸர் நேரம் நெருங்கி விட்டது. 'ஹஜ்ரத், பிள்ளையையே கேட்டு முடித்து விடுவோம்' என்றார் முத்தவல்லி. சரி என்றேன். எட்டு வயதுப் பெண் பிள்ளை. பதினைந்து ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க நடுவில் நிறுத்தி, 'நீ அத்தாவிடம் இருக்கிறாயா, அம்மாவிடம் இருக்கிறாயா?' என்று கேட்டோம். அந்தப் பிள்ளை இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்து விட்டாள். பிறகு அழுதபடி தாயிடம் ஓடினாள். உடனே தகப்பன் எழுந்து, 'அவள் அங்கே போகிறாள் என்றால் இனி ஒரு பைசா தரமாட்டேன்' என்றான். தாயின் அண்ணன், 'உன் காசு வேண்டாம், இந்தப் பக்கம் தலை காட்டாதே' என்றான். இரு தரப்பும் சம்மதித்ததாக எழுதிக் கொண்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

யாருடைய சம்மதம்? யாருடைய உரிமையை யார் விட்டுக் கொடுத்தார்கள்? தகப்பனிடம் உணவும் உடையும் பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை. அதைத் தள்ளுபடி செய்ய மாமனுக்கு என்ன அதிகாரம்? ஆலிம் என்ற பெயரில் அங்கே இருந்த எனக்குத்தான் என்ன அதிகாரம்? அல்லாஹ்விடம் நான் பதில் சொல்ல வேண்டிய கையெழுத்து அது.

இன்று நடக்கும் பேரங்களும் இதே வகைதான். 'குலா வேண்டுமா? பிள்ளையை விட்டு விட்டுப் போ' என்கிறான் கணவன். 'ஜீவனாம்சம் கேட்க மாட்டோம், பிள்ளையைப் பார்க்க வரக்கூடாது' என்கிறார்கள் பெண் வீட்டார். நாம் நடுவில் உட்கார்ந்து இதற்குப் பெயர் 'சுமூகத் தீர்வு' என்கிறோம்!

மார்க்கம் இதைத்தானா சொல்கிறது? அல்பகரா அத்தியாயத்தின் 233வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். தலாக்கைப் பற்றிய வசனங்களுக்கு நடுவே வருகிறது அது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தகப்பனும் துன்புறுத்தப்படக் கூடாது என்று இருவரையும் பெயர் சொல்லாத குறையாக நிறுத்தி அல்லாஹ் எச்சரிக்கிறான். பாலூட்டும் தாய்க்குரிய உணவையும் உடையையும் தகப்பன் மீது சுமத்துகிறான். இரண்டு வருடத்துக்கு முன்பே பால் மறக்கடிக்க நினைத்தால் இருவரும் மனம் ஒப்பி, ஒருவரோடொருவர் ஆலோசனை செய்து முடிவெடுத்தால் குற்றமில்லை என்கிறான்.

சற்று சிந்தியுங்கள் சகோதரர்களே! பாலை நிறுத்துவது தாயின் மடியில் நடக்கும் காரியம். அதற்கே தகப்பனைக் கலந்து கொள்ளச் சொல்கிறது குர்ஆன். அப்படியானால் எந்தப் பள்ளிக்கூடம், எந்த மதரஸா, எந்த ஊர், எந்த வைத்தியம், பெருநாள் யாரோடு என்பதையெல்லாம் ஒருவர் மட்டும் எப்படி முடிவு செய்யலாம்? பிரிந்த பெற்றோர் பிள்ளைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்பது என்று இன்று நீதிமன்றங்களில் பேசுகிறார்களே, அதற்கான வாசலை அல்லாஹ் அன்றே திறந்து வைத்திருக்கிறான். திறக்காமல் இருப்பது நம்முடைய பதிவேடுதான்!

'ஹஜ்ரத், ஆண் பிள்ளைக்கு ஏழு வயதாகி விட்டால் தகப்பனுக்குத்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. ஏழு வருடம் எட்டிப் பார்க்காதவன், எட்டாவது வருடம் கிதாபைத் தூக்கிக் கொண்டு வருவான். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது, பெண் பிள்ளை பருவமடையும் வரை தாயிடம் என்பது பிரபலமான சட்டம். ஷாஃபி மத்ஹபிலோ விவரம் தெரியும் வயதில் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். மாலிக்கி மத்ஹபில் ஆண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருப்பான். இமாம்கள் ஏன் இப்படி வேறுபட்டார்கள்? வயதுக் கணக்கு குர்ஆனில் எண்ணாக இறங்கியிருந்தால் வேறுபட்டிருப்பார்களா? பிள்ளைக்கு எது நலம் என்று தேடித்தான் அவரவர் காலத்துக்கும் ஊருக்கும் தக்க முடிவெடுத்தார்கள். அந்த நலத்தை எடுத்து எறிந்து விட்டு வயதை மட்டும் பிடித்துக் கொள்வது இமாம்களைப் பின்பற்றுவதாகுமா?

உமர் (ரலி) அவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அவர்கள் தமது மனைவியைப் பிரிந்த பிறகு, குபாவில் பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடிக் கொண்டிருந்த தம் மகன் ஆஸிமைத் தூக்கி வாகனத்தில் வைத்துக் கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி ஓடி வந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. உமர் (ரலி) யார்? கலீஃபாவின் வலது கை. ஆனாலும் பிள்ளையை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடச் சொன்னார்கள் அபூபக்ர் (ரலி). உமர் (ரலி) மறுபேச்சுப் பேசவில்லை என்று முவத்தாவில் இடம் பெற்றிருக்கிறது. நம் ஊரில் ஜமாஅத் தலைவரின் மகன் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போனால், இப்படித் தீர்ப்புச் சொல்ல யாருக்கு முதுகெலும்பு இருக்கிறது?

சகோதரியே, உனக்கும் ஒரு வார்த்தை. தகப்பன் பெயரைச் சொன்னாலே பிள்ளை நடுங்கும்படி பேசிப் பேசி வளர்க்கிறாயே, அதுவும் அதே வசனம் தடுத்த கொடுமைதான். அவன் உனக்குக் கெட்ட கணவனாக இருந்திருக்கலாம். அதனால் மட்டும் பிள்ளைக்கு அத்தா இல்லாமல் போய்விட மாட்டான்.

2019ல் முத்தலாக் சட்டம் வந்தபோது கண்டனக் குரல் எழுப்பினோம். கணவனைச் சிறையில் அடைத்து விட்டால் ஜீவனாம்சத்தை யார் கொடுப்பது என்று கேட்டோம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே சட்டத்தின் 6வது பிரிவு, தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்குப் பிள்ளைகளை வைத்துக் கொள்ளும் உரிமையைக் கொடுத்து, அதற்கான முறையை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார் என்கிறது. நம் பதிவேட்டில் நாம் எழுதாமல் விட்டதை மாஜிஸ்திரேட் எழுதப் போகிறார். ஷரீஅத்தைப் பாதுகாப்போம் என்று கோஷம் போட்டால் மட்டும் போதுமா? நம் கையில் இருக்கும் பக்கத்தில் ஷரீஅத்தை எழுத வேண்டாமா?

நாட்டுச் சட்டத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். 1890ம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டத்தின்படி பிள்ளையின் நலனைப் பார்த்தே நீதிமன்றம் முடிவெடுக்கிறது. யோசித்துச் சொல்லும் வயதாக இருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்று 17வது பிரிவு சொல்கிறது. பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு வழங்க வழி செய்ய வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2015ல் தன் 257வது அறிக்கையில் பரிந்துரைத்தது. பிள்ளையின் செலவைக் கேட்கும் உரிமை இரண்டு வயதோடு முடிந்து விடாது என்று 1997ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஜமாஅத் எழுதும் காகிதம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே பேசி முடித்ததைக் குடும்ப நீதிமன்றத்திலும் பதிவு செய்து கொள்வதே பாதுகாப்பு.

ஜமாஅத் நிர்வாகிகளே! பிரிவுக்குக் கையெழுத்து வாங்கும் முன் பிள்ளைக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் இவற்றை எழுதுங்கள்:

பள்ளி நாட்களில் பிள்ளை யாரிடம் இருக்கும்? வார விடுமுறையும் கோடை விடுமுறையும் எப்படி? இரண்டு பெருநாட்களில் எது யாரோடு? தகப்பன் வளைகுடாவில் இருந்தால் எந்தக் கிழமை, எந்த நேரம் போனில் பேசுவார்?

மாதச் செலவு எவ்வளவு? எந்தத் தேதிக்குள்? பள்ளிக் கட்டணம், வைத்தியச் செலவு யார் பொறுப்பு?

பள்ளியை மாற்றுவது, ஆபரேஷன், பாஸ்போர்ட், வெளியூர் குடியேற்றம் ஆகியவற்றுக்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்பது.

செலவு வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று செலவை நிறுத்துவதும் கூடாது என்பது.

வருடத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து இதைத் திருத்திக் கொள்ளலாம் என்பது. மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுதியது பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது.

பிள்ளையிடம் கேட்பதாக இருந்தால், சபையில் நிறுத்தாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறுவனிடம் தாயையும் தகப்பனையும் காட்டி, விரும்பியவர் கையைப் பிடித்துக் கொள்ளச் சொன்னார்கள். அவன் தாய்க்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கும் அளவுக்கு விவரம் வந்தவன். அந்த நபிவழியை எட்டு வயதுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றும் விசாரணையாக்கி விடாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெண்மணி தனியே உட்கார்ந்து பேசட்டும்.

ஒன்றை மறந்து விட வேண்டாம். குடிப்பவன், அடிப்பவன், பிள்ளையின் உடலுக்கும் மானத்துக்கும் ஆபத்தானவன் என்று தெரிந்தால், கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில் பிள்ளையை அவன் கையில் ஒப்படைப்பதும் துரோகமே. தாயாக இருந்தாலும் இதே அளவுகோல்தான்.

அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்று பெரிய வயது ஆகியிருக்கும். அவள் நிகாஹ்வுக்கு வலியாக நிற்கத் தகப்பனைத் தேடி அலைந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கையெழுத்து இன்னும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பதிவேட்டில் அடுத்த பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகளைச் சந்தித்துக் கேளுங்கள். அல்லாஹ் நம்மை மன்னித்து, நமக்கு நேர்வழி காட்டுவானாக!