மூன்றெழுத்தில் முழுகும் பணம்!

ஏ.டி.எம். என்றால் என்ன? டீக்கடையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் "எனி டைம் மணி" என்று டக்கென்று பதில் வரும். உண்மையில் அது "ஆட்டோமேட்டட் டெல்லர் மெஷின்". தானாகப் பணம் பட்டுவாடா செய்யும் எந்திரம். ஜனங்கள் வைத்த அர்த்தம் தப்புதான். ஆனாலும் அதனால் யாருக்கும் காலணா நஷ்டம் இல்லை.

அர்த்தம் தப்பினால் பணத்தையே பறிகொடுக்க வைக்கும் எழுத்துகளும் உண்டு. வில்லங்கம் அங்கேதான்!

"மெசேஜ்ல வந்த நம்பர்"

ஓ.டி.பி. என்பது "ஒன் டைம் பாஸ்வேர்டு". ஒரே ஒரு தடவை பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவி. நம்மில் பலருக்கு அது "மெசேஜ்ல வந்த நம்பர்", அவ்வளவுதான். மோசடிப் பேர்வழியும் அதே பாஷையில்தான் கேட்கிறான். "சார், பேங்கிலேர்ந்து பேசறோம். கே.ஒய்.சி. முடியலை, அக்கவுண்ட் பிளாக் ஆயிடும். மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க!"

பெட்டிச் சாவியைக் கொடு என்றால் யாராவது கொடுப்பார்களா? நம்பர் என்றதும் கொடுத்து விடுகிறார்கள்.

"பின்" நம்பர் கதையும் இதுதான். "உங்களுக்குப் பணம் அனுப்பறேன், பின் நம்பரைப் போடுங்க" என்பான். வியாபாரிகளே, உஷார்! யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகும், வராது.

ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தகவல் தரும்வரை ஏற்படும் நஷ்டம் முழுவதும் அவர் தலையில்தான். தகவல் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கே வங்கி பொறுப்பு. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. ஆகவே பணம் போனால் அழுதுகொண்டு நிற்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கும் போன் போடுங்கள்.

எந்த ரசீது?

போலீஸ் நிலையத்திலும் இதே கூத்துதான். பைக் திருட்டுப் போகிறது. புகார் எழுதிக் கொடுத்து, ஒரு சீட்டு வாங்கி வருகிறார். "எப்.ஐ.ஆர். போட்டாச்சு" என்று நிம்மதியாகத் தூங்குகிறார். இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனால், "இது எப்.ஐ.ஆர். இல்லீங்க, சி.எஸ்.ஆர்." என்று திருப்பி அனுப்புகிறார்கள்!

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. எப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. அதைப் போட்டால்தான் வழக்கு. திருட்டு போன்ற, போலீசார் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் தீர்ப்பு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும். போட மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இது தெரியாத ஏழை பாழை சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு நடையாய் நடக்கிறார்.

யார் மீது குற்றம்?

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று சொல்லிக் கை கழுவக்கூடாது. பட்டம் வாங்கியவர்களும்தான் ஏமாறுகிறார்கள். தமிழை ஆட்சிமொழி ஆக்கி 1956-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. இங்கே சாமானியனின் பணமும் வழக்கும் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஊசலாடலாமா?

ஒவ்வொரு போலீஸ் நிலைய வாசலிலும், "மனு ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு" என்று பெரிய எழுத்தில் போர்டு வைக்கட்டும். வங்கிகள் அனுப்பும் மெசேஜில், "இது உங்கள் பணப்பெட்டியின் சாவி, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பச்சைத் தமிழில் ஒரு வரி சேர்க்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகப்போவதில்லை.

அதுவரை பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை. புரியாத எழுத்தைச் சொன்னால், "அப்படின்னா என்ன சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பதில் சொல்லாமல் அவசரப்படுத்துகிறவனை நம்பவும் வேண்டாம்!