தூக்கம் தொலைத்த பிள்ளைகள்



2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கையும் தந்தது. நாமோ சாதிக் கயிற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ரத்தத்தைக் கண்ட பிள்ளைக்கு இரவில் எப்படித் தூக்கம் வரும் என்று யார் கேட்டோம்?

எங்கள் சேர்வராயன் மலை மாணவர் விடுதிகளிலும் வீட்டில் குடியும் அடியும் பார்த்து வந்த பிள்ளைகள் உண்டு. விளக்கணைத்த பின்னும் போர்வைக்குள் விழித்துக் கிடப்பவன், மறுநாள் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கிறான். அவனைச் சோம்பேறி என்று திட்டுவது கொடுமை.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். மாவட்ட மனநலக் குழுவினர் மாதம் ஒருமுறையாவது விடுதிகளுக்கே வர வேண்டும். அதுவரை, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

- பள்ளி ஆசிரியை, ஏற்காடு