எடைக்கு வராத உழைப்பு
மின்னணுக் கழிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும்

ஒன்றிய அரசு 2022 நவம்பர் 2 அன்று அறிவிக்கை செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், மறுசுழற்சியின் வெற்றியை நான்கு உலோகங்களைக் கொண்டு அளக்கின்றன. தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய இந்நான்கும் எவ்வளவு மீட்கப்பட்டன என்பதைப் பொறுத்து மறுசுழற்சி நிறுவனத்திற்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அச்சான்றிதழை விலைகொடுத்து வாங்குவதன் மூலம் பொருளை உற்பத்தி செய்த நிறுவனம் தன் கடமையை நிறைவேற்றியதாகக் கணக்கு முடிகிறது. தங்கத்தைக் கிராம் கணக்கில் நிறுக்கும் இத்தராசில் ஒன்று மட்டும் ஏறுவதே இல்லை. அது அந்தத் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் தொழிலாளியின் உழைப்பும் உடல்நலமும் ஆகும்.

இதன் பொருளை இந்தியாவின் தகவல் தொழில்நுட்பத் தலைநகராகப் போற்றப்படும் பெங்களூருவில் தெளிவாகக் காணலாம். எலக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்பீல்டிலும் உள்ள வளாகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளைக் கழித்துக்கட்டுகின்றன. வீடுகளில் கைப்பேசிகள் அதைவிட வேகமாகக் கழிகின்றன. இவற்றுள் பெரும்பகுதி கன்னடத்தில் ‘குஜரி’ என வழங்கும் காயலான் கடைகளின் வழியாகவே பயணம் செய்கிறது. எஸ்.பி. ரோடு, கௌரிபாளையா, நாயண்டஹள்ளி, சிவாஜிநகர் ஆகிய பகுதிகளின் சிறு பட்டறைகளும் கிடங்குகளும் இத்தொழிலோடு நெடுங்காலத் தொடர்புடையவை. தமிழும் உருதும் தெலுங்கும் வங்காளமும் பேசும் உழைப்பாளிகள் இத்தொழிலில் உள்ளனர். தலித் மக்களும் சிறுபான்மையினரும் புலம்பெயர்ந்தோரும் அவர்களுள் பெரும்பான்மையினர்.

இத்தொழிலின் முறை எளியது, கொடியது. கம்பிகளின் மேலுறையை எரித்தால் செம்பு கிடைக்கும். கூடவே டையாக்சின் நஞ்சும் காற்றில் கலக்கும். மின்சுற்றுப் பலகைகளைச் சூடேற்றி உதிரிகளைக் கழற்றும்போது ஈயப் புகை எழும். தங்கத்தைப் பிரிக்க அமிலக் கரைசல் பயன்படுகிறது. எஞ்சும் அமிலம் சாக்கடைக்குப் போகிறது. பெங்களூருவின் மின்னணுக் கழிவுப் பட்டறைப் பகுதிகளை ஆராய்ந்து 2009இல் ‘கெமோஸ்பியர்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை, அங்கு ஒரு கிலோ மண்ணில் 2,850 மில்லிகிராம் வரை ஈயம் இருந்ததைப் பதிவு செய்தது. அத்தொழிலாளர்களின் தலைமுடியிலும் செம்பு, காட்மியம், ஆன்டிமனி முதலியவை மிகுந்து காணப்பட்டன. ஒரு கணினி குப்பைக்குச் சென்ற பின்னும் அதன் உற்பத்திச் செலவு முடிந்துவிடுவதில்லை. எஞ்சிய செலவைத் தொழிலாளி தன் உடலைக் கொண்டு செலுத்துகிறார் என்பதையே அந்த எண்கள் கூறுகின்றன.

வாரியத்தின் பங்கு என்ன?

இத்துறையை மேற்பார்வையிடும் பொறுப்பு இரண்டு அமைப்புகளிடம் உள்ளது. டெல்லியிலுள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உற்பத்தியாளர்களையும் மறுசுழற்சியாளர்களையும் இணையதளத்தில் பதிவு செய்கிறது. சான்றிதழ் வணிகத்தையும் நடத்துகிறது. களத்தில் சென்று சோதனையிட வேண்டியது பெங்களூரு சர்ச் தெருவின் ‘பரிசர பவன’த்தில் இயங்கும் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்தின் கீழ் அதே ஆண்டில் உருவான அமைப்பு இது.

கர்நாடகம் இத்துறையில் பின்தங்கிய மாநிலமன்று. நாட்டிலேயே முதன்முதலில் அரசு அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி ஆலை 2005இல் பெங்களூருவை அடுத்த டாபஸ்பேட்டையில்தான் தொடங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு விதிகள் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே அது நிகழ்ந்தது. ஆயினும் முறையான ஆலைகள் சரக்குக்காகக் காத்திருப்பதும், சரக்கு காயலான் கடைக்குச் செல்வதும் தொடர்கின்றன. காரணம் வெளிப்படையானது. முறையான ஆலைக்குக் காற்றைச் சுத்திகரிக்கவும் அமிலத்தை நடுநிலையாக்கவும் செலவுண்டு. பட்டறைக்கு அச்செலவு இல்லை; ஆகவே பழைய பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்க அதனால் முடிகிறது. ஆண்டில் ஆயிரமோ அதற்கு மேலோ மின்னணுப் பொருட்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்றோரிடமே கழிவை ஒப்படைக்க வேண்டும் என்று விதி கூறுகிறது. அவ்விதி மீறப்படுகிறதா என்று பார்க்க ஆட்கள் வேண்டுமல்லவா?

அந்த ஆட்கள்தான் இல்லை. நாடு முழுவதும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுள் ஏறத்தாழ பாதி காலியாக இருப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னரே வெளிப்பட்டது. பெரிய ஆலைகளின் கழிவுநீரையும் ஏரிகளின் நுரையையும் பார்க்கவே போதாத அலுவலர்கள், சந்துக்குள் இருக்கும் பட்டறையை எப்போது பார்ப்பார்கள்? ஆட்குறைப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. ‘தொழில் தொடங்குவதை எளிதாக்கல்’ என்னும் முழக்கத்தின் கீழ் கண்காணிப்பு திட்டமிட்டே மெலிய வைக்கப்பட்டுள்ளது.

சட்டத்தின் பல்லும் பிடுங்கப்பட்டது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று இருந்தது. 2023இல் மோடி அரசு நிறைவேற்றிய ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம் அச்சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றியது. பன்னாட்டு நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்பது தண்டனையாகாது. அது தொழிற்செலவின் ஒரு சிறு வரி.

ஏட்டுச் சுரைக்காய்

களத்தில் ஆளில்லாத இடத்தை இணையதளமும் சான்றிதழும் நிரப்பும் என்பது ஆட்சியாளரின் வாதம். இவ்வாதத்துக்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டது. நெகிழிக் கழிவுக்கு இதே போன்ற சான்றிதழ் முறை கொண்டுவரப்பட்ட சிறிது காலத்துக்குள், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களின் சில நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய வாரியமே 2023இல் கண்டறிந்தது. மறுசுழற்சி செய்யப்படாத நெகிழி, மறுசுழற்சி செய்யப்பட்டதாக விற்கப்பட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் அறிந்த பழமொழி. இங்கோ ஏட்டுச் சுரைக்காய்க்குச் சந்தை விலையே உண்டாகிவிட்டது.

அரசின் சொந்தக் கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. 2021-22இல் நாட்டில் 16 லட்சம் டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் 5.27 லட்சம் டன் மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டுப் பதப்படுத்தப்பட்டது. மீதி 10 லட்சம் டன்னுக்கும் மேற்பட்டது எங்கே சென்றது? அதுவும் 21 வகைப் பொருட்களின் விற்பனையை மட்டும் கொண்டு போடப்பட்ட கணக்கு. புதிய விதிகள் 106 வகைகளை உள்ளடக்குகின்றன. உலக அளவிலும் 2022இல் உருவான 6.2 கோடி டன்னில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டதற்குப் பதிவு உள்ளது. விற்பதற்காகவே விரைவில் பழுதாகும் பொருளைச் செய்யும் முதலாளித்துவ உற்பத்தி முறை, தான் உண்டாக்கும் குப்பைக்குப் பொறுப்பேற்க மறுக்கிறது என்பதே இவ்வெண்களின் சாரம்.

பொறுப்பேற்கச் சொன்னால் என்ன நிகழ்கிறது என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. மறுசுழற்சியாளர்களுக்கு உற்பத்தியாளர்கள் தரவேண்டிய குறைந்தபட்சத் தொகையை 2024 செப்டம்பரில் அரசு நிர்ணயித்தது. வீட்டு உபயோகப் பொருட்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்பது அதன் அளவு. 40 கிலோ எடையுள்ள ஒரு துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 880 ரூபாய். அதையும் ஏற்க இயலாது என்று எல்ஜி, சாம்சங், டைகின் முதலிய நிறுவனங்கள் 2025இல் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றன. சாம்சங்கின் பெயர் தமிழ்நாட்டுத் தோழர்களுக்குப் புதிதன்று. சங்கம் வைக்கும் அடிப்படை உரிமைக்காக 2024இல் ஒரு மாதத்துக்கும் மேலாகத் திருப்பெரும்புதூர் ஆலைத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் நிற்க வைத்த நிறுவனம் அது. பொருளைச் செய்யும் கைக்கும் அங்கீகாரம் இல்லை, அதே பொருளைப் பிரிக்கும் கைக்கும் கூலி இல்லை என்பதே அதன் நிலைப்பாடு.

இக்குறைந்தபட்சத் தொகையை நிறுவனங்களின் எதிர்ப்புக்கு எதிராக ஆதரிக்க வேண்டும். ஆனால் அதனோடு நின்றுவிட முடியாது. அத்தொகை பதிவுபெற்ற ஆலையின் முதலாளிக்குச் செல்கிறது. தெருத்தெருவாகச் சேகரிப்பவருக்கோ பிரிப்பவருக்கோ அதில் பங்கு தரவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 2016 விதிகளில் தனித்த இடம்பெற்றிருந்த பிரித்தெடுப்போரும் சேகரிப்பு மையங்களும் 2022 விதிகளின் பதிவுப் பட்டியலிலிருந்தே காணாமற்போயினர். உண்மையில் வேலை நடக்கும் இடம் எதுவோ, அது அரசின் பார்வையிலிருந்து அகற்றப்பட்டுள்ளது.

விரட்டுவதா, இணைப்பதா?

‘சட்டவிரோதப் பட்டறைகளை இழுத்து மூடுங்கள்’ என்ற குரல் நடுத்தர வர்க்கத்திடையே எளிதில் எழுகிறது. சுற்றுப்புற மக்களின் மூச்சுத்திணறல் பொய்யன்று. அவர்களின் கோபமும் நியாயமானதே. ஆனால் விரட்டுவதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. கானா நாட்டின் அக்ரா நகரில் அக்போக்புளோஷி பழைய பொருள் சந்தை 2021 ஜூலையில் இடித்துத் தள்ளப்பட்டது. கழிவு மறையவில்லை, கம்பி எரிக்கும் தீ நகரின் பிற மூலைகளுக்குச் சிதறியது. பெங்களூருவிலும் ஒரு சந்தில் பூட்டுப் போட்டால் அடுத்த சந்தில் புகை எழும். சந்துகள் முடிந்தால் நகர எல்லைக்கு அப்பாலுள்ள ஏதேனும் ஒரு ஏரிக்கரைக்குப் போகும்.

‘ஏழைகளின் பிழைப்பு, விட்டுவிடுங்கள்’ என்னும் எதிர்க்குரலும் ஏற்கத்தக்கதன்று. ஈயத்தைச் சுவாசிப்பது ஒரு பிழைப்பாக இருக்கக் கூடாது. அவர்களின் திறனை ஏற்று, ஆபத்தான வேலையை மட்டும் அவர்களின் கையிலிருந்து எடுப்பதே சரியான வழி. சேகரித்தலும் வகைபிரித்தலும் கையால் கழற்றுதலும் பாதுகாப்புடன் செய்யக்கூடியவை. எரித்தலும் அமிலத்தில் இடுதலும் முறையான ஆலையில் மட்டுமே நிகழ வேண்டியவை.

இது கற்பனையன்று. கழிவு சேகரிப்போரைக் கணக்கெடுத்து, மாநகராட்சியின் அடையாள அட்டை வழங்கிய முன்னோடி நகரங்களுள் பெங்களூருவும் ஒன்று. உலர்கழிவு மையங்களை நடத்தும் பொறுப்பையும் அவர்களுள் பலர் ஏற்றுள்ளனர். கேரளத்தில் குடும்பஸ்ரீ வழி உருவான ஹரித கர்ம சேனைப் பெண்கள், 2025 ஜூலை முதல் நகர்ப்புற வீடுகளில் மின்னணுக் கழிவை விலை கொடுத்துப் பெற்று, அரசு நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனியிடம் ஒப்படைக்கின்றனர். பொது அமைப்பு இருந்தால், கழிவுக்கு விலையும் தொழிலாளிக்கு முகவரியும் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

விதியும் இதற்கு இடம் தருகிறது. தொழிலாளர்களை அங்கீகரித்துப் பதிவு செய்வதும், குழுக்களாக இணைய உதவுவதும், அவர்களின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆண்டுதோறும் கண்காணிப்பதும் மாநிலத் தொழிலாளர் துறையின் கடமை. தொழிற்பேட்டைகளில் இடம் ஒதுக்குவது தொழில்துறையின் கடமை. 2016 விதிகளில் எழுதப்பட்டு, 2022 விதிகளிலும் தொடரும் கடமைகள் இவை. பெங்களூருவில் பாஜக ஆட்சியும் நடந்துவிட்டது, காங்கிரஸ் ஆட்சியும் நடக்கிறது; இக்கடமைகளைக் கேட்பாரில்லை. கேட்பார் இல்லாத சட்டம் காகிதமே.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன. மின்விசையுடன் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரம்பு இப்போது இருபதாகிவிட்டது. சிறு பட்டறைகள் அவ்வரம்புக்குள் வரவே வராது. எனினும், ஒருவரே வேலை செய்தாலும் ஆபத்தான தொழிலைச் சட்டத்தின் கீழ் கொண்டுவர அறிவிக்கை செய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு. மின்னணுக் கழிவைப் பிரித்தெடுத்தலை அவ்வாறு அறிவிக்கக் கோருவது உடனடிக் கோரிக்கையாக எழ வேண்டும்.

அதனோடு சேர வேண்டியவை இன்னும் உள்ளன. மாநில வாரியத்தின் காலிப் பணியிடங்கள் நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்பப்பட வேண்டும். சோதனைக்கு வாரியமும் தொழிலாளர் துறையும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் கூட்டாகச் செல்ல வேண்டும். அறிக்கை பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். வருகைப் பதிவேடு, இஎஸ்ஐ, வருங்கால வைப்பு நிதி, தொழிலாளரின் இரத்தத்தில் ஈய அளவைக் கண்டறியும் ஆண்டுச் சோதனை ஆகியவை இல்லாத நிறுவனத்துக்குச் சான்றிதழ் வழங்கக் கூடாது. உற்பத்தியாளர் தரும் தொகையில் ஒரு பங்கு சேகரிப்போர் கூட்டுறவுகளுக்குச் செல்ல வேண்டும். அரிய கனிமங்களின் மறுசுழற்சிக்கென 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கிய 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையில் இக்கூட்டுறவுகளுக்கும் இடம் வேண்டும்.

பெங்களூருவின் தொழிற்சங்க இயக்கத்துக்கு இங்கே அரிய வாய்ப்பு உள்ளது. 2024இல் நாளொன்றுக்கு 14 மணி நேர வேலை என்னும் முன்மொழிவை எதிர்த்து நின்ற தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம், தன் உறுப்பினர்கள் பணிபுரியும் ஒவ்வொரு வளாகத்திலும் ஒரே ஒரு கேள்வியை எழுப்பலாம்: கழிக்கப்பட்ட கணினிகள் யாரிடம் சென்றன? அக்கேள்வி குளிரூட்டப்பட்ட வளாகத்தையும் கௌரிபாளையாவின் பட்டறையையும் ஒரே கோட்டில் இணைக்கும். மடிக்கணினியின் முன் உழைப்பவரும் அதைச் சுத்தியலால் பிரிப்பவரும் ஒரே வர்க்கத்தினர் என்பதை மேடைப்பேச்சைவிட அது தெளிவாக உணர்த்தும். வாரியம் தானாக விழித்துக்கொள்ளாது. அதை விழிக்கச் செய்யும் வலிமை அமைப்பாகத் திரளும் தொழிலாளரிடமே உள்ளது.