கார் செய்யும் ஊரில் கார் சார்ஜ் போட இடம் எங்கே? வீட்டு பிளக்கும் கரண்ட் பில்லும்... ஒரு கணக்கு!

மறைமலை நகர்:
மறைமலை நகர், சிங்கபெருமாள் கோவில், ஒரகடம்... இந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் கம்பெனி யூனிபார்மில் ஒருவரையாவது பார்க்கலாம். 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா மின்சார கார், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில்தான் தயாராகிறது. ஆனால் அதே லைனில் நிற்கும் தொழிலாளி ஒரு பேட்டரி வண்டி வாங்கினால், ராத்திரி அதை எங்கே சார்ஜ் போடுவார்?

சட்டம் தடுக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே வண்டியை சார்ஜ் செய்யலாம் என்று 2022 ஜனவரியிலேயே மத்திய மின்துறை அமைச்சகம் சொல்லிவிட்டது.

பில் எகிறுமா?

எகிறும். ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. தினமும் போகவர 40 கி.மீ. ஓட்டினால், இரண்டு மாதத்தில் வேலை நாள் 50, மொத்தம் 2,000 கி.மீ. காருக்கு சுமார் 300 யூனிட் ஆகும்.

2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 705 ரூபாய். காரையும் சேர்த்து 600 யூனிட் ஆனால் 2,880 ரூபாய். கூடுதல் 2,175 ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார் என்றால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் இதே தூரத்துக்கு 13 ஆயிரத்தைத் தாண்டும்!

ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருக்கணும். அது 500 யூனிட். அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.35 ரூபாய் போய் 4.70 ஆகிவிடும். அந்த ஒரு யூனிட்டில் மட்டும் 235 ரூபாய் கூடும். ஏ.சி. போட்டு ஏற்கெனவே 500-ஐத் தொட்ட வீட்டில் காருக்கு மட்டும் கிட்டத்தட்ட 3 ஆயிரம் விழும்.

ஸ்கூட்டர் கதை வேறு. இதே 2,000 கி.மீ.க்கு 75 யூனிட் போதும். கூடுதல் செலவு 350 ரூபாய் சொச்சம்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

சிக்கலே இங்கேதான். ஒப்பந்தத் தொழிலாளிகள் பலர் இருப்பது லைன் வீட்டிலும் மாடி ரூமிலும். கீழே நிற்கும் வண்டிக்கு மாடியிலிருந்து ஒயர் இழுக்கணும். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினால், 350 ரூபாய் 750 ஆகிவிடும். இலவச 100 யூனிட்டின் பலனும் குடியிருப்பவர் கைக்கு வராது. அப்படியும் பெட்ரோலை விட லாபம்தான், ஆனால் ஓனர் சம்மதிக்கணுமே!

ஓனர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. வீட்டு பிளக்கில் சார்ஜ் ஆகும் கார், மணிக்கணக்கில் விடாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். கிரைண்டர், அயர்ன்பாக்ஸ் மாதிரி கொஞ்ச நேரத்தில் நிற்காது. பழைய ஒயரிங் என்றால் பிளக் உருகும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் மூன்றும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரை மாட்டவே கூடாது. சாதா பிளக்கில் கிரெட்டாவின் பெரிய பேட்டரி நிரம்ப ஒரு ராத்திரி போதாது. 5 மணி நேரத்தில் நிரப்பும் 11 கிலோவாட் சார்ஜருக்கு த்ரீ பேஸ் இணைப்பு வேண்டும்.

போர்டு கதை

மின்சார கார் கனவு இந்த ஊருக்குப் புதுசு இல்லை. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் போர்டு அறிவித்தது. பிறகு ஏற்றுமதிக்கு மின்சார கார் செய்யலாம் என்று மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் பெயர் கொடுத்தது. தொழிலாளர்கள் நம்பினார்கள். 2022 மே மாதம் அந்த யோசனையையும் கைவிட்டது. 2025 அக்டோபரில் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. செய்யப்போவது மின்சார கார் அல்ல, என்ஜின்! உற்பத்தி தொடங்குவது 2029-ல்.

அதுவரை புதுசாக வீடு பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இரண்டு விஷயம் கேட்டு வைப்பது நல்லது: மீட்டர் பெட்டி எங்கே? வண்டி நிறுத்தும் இடத்தில் 15 ஆம்பியர் பாயின்ட் போட விடுவீர்களா?