துன்ஹிந்தவுக்குத் தொண்டர்கள் தேவை

பதுளை நகருக்கு அண்மையில், பதுளு ஓயா சுமார் 210 அடி உயரத்திலிருந்து வெண்புகையெனச் சிதறிவிழும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் காட்டுப் பாதையில் நடப்போர், சோற்றுப் பொதியைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகளையும், பற்றைகளுக்குள் வீசப்பட்ட பொலித்தீன் பைகளையும் ஒருங்கே காண நேரிடுவது நமக்குக் கௌரவமன்று.

வருஷத்தில் ஒருநாள் சிரமதானம் என்று மண்வெட்டியோடு கூடிப் புகைப்படம் எடுத்துக் கலைவதை நாம் இகழவில்லை (இகழ்ந்தால் அந்த ஒருநாளும் போய்விடும்). ஆனால், வாரந்தோறும் முறைவைத்து நின்று, குப்பையைத் திருப்பி எடுத்துச் செல்லுமாறு விநயமாகக் கேட்பதும், வழுக்குப் பாறைக்குச் செல்வோரைத் தடுப்பதுமே நிரந்தரப் பிரயோசனந் தரும் கைங்கரியம். இதே மாவட்டத்தில் 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவு ரயில் பாலத்திலோ, தண்டவாளத்தில் நின்று படம்பிடிப்போரை ரயில் வருமுன் விலக்குவதற்கே ஆள் வேண்டும்.

இப்பணிக்குத் தேயிலைத் தோட்டத்து மக்களை அழைப்பது சுலபம்; எனினும், கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) மட்டுமே பெறும் தொழிலாளியிடம் இலவச உழைப்பைக் கேட்பது தர்மமாகாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவர்களும் முன்வரட்டும். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் தோட்டத்து இளைஞருக்கு இது வழிகாட்டித் தொழிலுக்கு ஆரம்பப் பயிற்சியாகவும் அமையும். இத்தொண்டர்கள் அனைவருக்கும் பஸ் கட்டணமும் மதிய உணவும் அளிக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்க வேண்டும்.