எழுதிக் குடுங்கன்னா குத்தமா சாமி?

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது புலம்பல் பதிவு இல்ல, சண்டைப் பதிவு. 'அச்சச்சோ பாவம்'னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குப் போயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன வாரம் நடந்தது. காலைல பதினோரு மணி மீட்டிங். நேத்து என்ன ஆணி புடுங்கினோம், இன்னிக்கு என்ன ஆணி புடுங்கப் போறோம்னு வரிசையா ஒவ்வொருத்தரும் ஒப்பிக்கணும். என் முறை வந்துச்சு. நானே கண்டுபிடிச்ச பிழை, நானே சரி பண்ணின கோடு. சொல்லலாம்னு வாயைத் தொறந்தா ஒண்ணும் வரல. 'டேட்டாபேஸ்'ங்கற வார்த்தை வரல சாமி! ஆறு வருஷமா எனக்குச் சோறு போடற வார்த்தை. "அந்த... எல்லாத்தையும் போட்டு வைப்போமே... அது"ன்னு இழுத்தேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. நம்ம டேமேஜர் சிரிக்கல. "நைட்டு சரியாத் தூங்கலையாம்மா?"ன்னு கேட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டார்.

முடிஞ்சதும் தனியாப் போய்ப் பேசினேன். "சார், மீட்டிங்ல எனக்குச் சொல்ற வேலையை நாலு வரி மெயிலா அனுப்பிடறீங்களா? என் அப்டேட்டையும் நான் காலைலயே எழுதி அனுப்பிடறேன்."

அவர் சொன்ன பதில்: "இது என்ன ஸ்கூலாம்மா, ஹோம்வொர்க் எழுதிப் போட? இவ்ளோ சின்ன விஷயத்தையே ஞாபகம் வெச்சுக்க முடியலன்னா, பெரிய பொறுப்பை எல்லாம் உங்கிட்ட எப்படிக் குடுக்கறது?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. அங்க நின்னப்ப பதில் வரல. வந்திருந்தா வேலை போயிருக்கும், அதனால அதுவும் நல்லதுக்குத்தான். இங்க மூணு நாளா துண்டு துண்டா எழுதி ஒட்டியிருக்கேன். எங்கயாவது சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தா பொறுத்துக்கங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். இருபத்திநாலு வயசுல எனக்கு லூபஸ்னு கண்டுபிடிச்சாங்க. கிருமியோட சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம நம்ம உடம்பையே அடிக்கற வியாதி. மூட்டு, தோல், கிட்னி எதை வேணா அடிக்கும். இது வர்ற பத்துப் பேர்ல ஒம்பது பேர் பொண்ணுங்க. 2020-ல கொரோனாவுக்கு நல்லதுன்னு ஆளாளுக்கு வாங்கிக் குவிச்சாங்களே, ஹைட்ராக்ஸி குளோரோகுயின், அதான் எங்களோட தினசரி மாத்திரை.

மூட்டு வலி வெளிய தெரியும். நொண்டி நொண்டி நடந்தா யாராவது ஒருத்தர் சேரை நகர்த்திப் போடுவாங்க. ஆனா இந்த வியாதிக்குக் கூடவே இன்னொரு ஐட்டம் வருது. பிரெய்ன் ஃபாக்னு சொல்றாங்க. நான் 'மூட்டம்'னு வெச்சுக்கறேன். இது என் கற்பனை இல்ல. லூபஸ் நரம்பையும் மனசையும் என்னென்ன பண்ணும்னு அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் சங்கம் 1999-ல 19 வகை போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டாங்க. அதுல கவனம், ஞாபகம், யோசிக்கற வேகம் கொறையறதும் ஒண்ணு. லூபஸுக்கு மட்டும் இல்ல. தைராய்டு கம்மியா சுரக்கறவங்க, கீமோ எடுத்தவங்க, எல்லாரும் சொல்றதுதான். கொரோனா வந்து போனப்புறம் மாசக்கணக்கா இழுக்கற தொந்தரவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்ல ஒரு வரையறை குடுத்துச்சு. அதுல மூச்சுத் திணறல், அசதியோட இதையும் சேத்து எழுதியிருக்காங்க.

'மறதின்னா எல்லாருக்குந்தான் இருக்கு'ன்னு சொல்ற புண்ணியவான்களே, நம்ம பாஷைலயே சொல்றேன். என் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. படிச்சது, பழகினது எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. அடி வாங்கினது ரேம். ஒரு மனுஷன் ஒரே நேரத்துல மனசுல புடிச்சு வெச்சுக்கற விஷயம் ஏழுன்னு 1956-ல ஜார்ஜ் மில்லர் சொன்னார். அவ்ளோ எல்லாம் இல்ல, நாலுதான்னு 2001-ல நெல்சன் கோவன் சொன்னார். நல்லா இருக்கற ஆளுக்கே நாலு! மூட்டம் கவிஞ்ச அன்னிக்கு எனக்கு ஒண்ணு ஒண்ணரை மிஞ்சினா பெரிய விஷயம். நீங்க மூணாவது வாக்கியம் பேசறப்ப மொதல் வாக்கியம் கீழ விழுந்திருக்கும். அதையே எழுதிக் குடுத்தா? திரும்பத் திரும்பப் படிப்பேன், யோசிப்பேன், உங்களை விட நல்லாவே வேலை செஞ்சு குடுப்பேன். திமிர் இல்லீங்க, என் கோடு மேல வந்த புகார் எத்தனைன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

வீட்டுல வேற கதை. அம்மா தினமும் வல்லாரைத் துவையல். அத்தை போன் பண்ணி, "எனக்குந்தாண்டி கண்ணு மறக்குது, கேஸை நிறுத்தினோமான்னு மூணு தடவை போய்ப் பாக்கறேன். அதுக்காக வியாதின்னு சொல்லிட்டுத் திரியறேனா?" அத்தைக்கு வயசு அறுபத்திரெண்டு. எனக்கு இருபத்தெட்டு. இந்த வித்தியாசம் அத்தைக்குப் புரியல, சரி, பாசத்துல சொல்றாங்க. துவையலும் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொட்டி தட்டறதே பொழப்பா இருக்கற ஒருத்தர், ஞாபகம் வெச்சுக்கறதுதான் திறமைன்னு சொன்னா, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

ஏன்னா நம்ம தொழிலே மனுஷ ஞாபகத்தை நம்பாதேங்கற ஒரே அஸ்திவாரத்து மேல கட்டினது. யார் எந்த வரியை எப்ப மாத்தினாங்கன்னு ஞாபகம் இருக்காதுன்னுதானே கிட் வெச்சிருக்கோம்? பிழையை மறந்துடுவோம்னுதானே டிக்கெட் போடறோம்? பழைய கோடு உடைஞ்சிருக்கான்னு பாக்க மறந்துடும்னுதானே டெஸ்ட் எழுதறோம்? இதை எல்லாம் பண்ணினா நல்ல இன்ஜினியர். அதையே ஒரு நோயாளி 'எனக்கும் எழுதிக் குடுங்க'ன்னு கேட்டா ஸ்கூல் புள்ளையா? என்ன நியாயம் சாமி இது?

நம்ம தொழில் மட்டும் இல்ல. 1935 அக்டோபர்ல அமெரிக்க ராணுவத்துக்குக் காட்டறதுக்காக போயிங்கோட பெரிய குண்டுவீச்சு விமானம் ஒண்ணு கெளம்புச்சு. பின்னாளல பி-17னு பேர் வாங்கின விமானத்தோட மொத மாடல். ஓட்டினவர் கத்துக்குட்டி இல்ல, பழுத்த அனுபவசாலி. தரைல நிக்கறப்ப காத்துல ஆடாம இருக்க வால் பகுதில ஒரு பூட்டு போட்டிருப்பாங்க. அதை எடுக்க விட்டுப் போச்சு. மேல ஏறின கொஞ்ச நேரத்துல விழுந்து ரெண்டு பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் 'ஞாபக சக்தி ஜாஸ்தி உள்ள பைலட்டா தேடுங்க'ன்னு யாரும் சொல்லல. என்னென்ன பாக்கணும்னு ஒரு அட்டைல எழுதி பைலட் கைல குடுத்தாங்க. இன்னிக்கும் எந்த விமானமும் அந்த மாதிரி லிஸ்ட் பாக்காம கெளம்பறதில்ல.

ஆபரேஷன் தியேட்டர்லயும் இதே கதை. 2008-ல உலக சுகாதார நிறுவனம் 19 வரில ஒரு லிஸ்ட் குடுத்துச்சு. நோயாளி பேர் என்ன, எந்தப் பக்கம் அறுக்கணும்னு கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி சத்தமா சொல்லி சரி பாக்கணும். 8 ஆஸ்பத்திரில சோதிச்சுப் பாத்து 2009-ல முடிவை வெளியிட்டாங்க. இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 சதவீதமா கொறைஞ்சிருந்துச்சு. சர்ஜனுக்கு இது அவமானமா இல்ல. எனக்கு மட்டும் எப்படி அவமானமாச்சு?

எங்க ஆபீஸ் கதையே ஒண்ணு சொல்றேன். வருஷ ஆரம்பத்துல ஒரு ராத்திரி, லைவ் சர்வர்ல பழைய ரெக்கார்டை அழிக்கற வேலை எனக்கு. அன்னிக்கு நல்ல மூட்டம். எந்த விண்டோல இருக்கோம்னே ரெண்டு தடவை குழம்பிட்டேன். ஆனா என்கிட்ட ஒரு தாள் இருந்துச்சு, பன்னெண்டு வரி. மொத வரி, 'சர்வர் பேரை வாய் விட்டுப் படி'. படிச்சேன். தப்பான சர்வர்! வேர்த்துக் கொட்டிடுச்சு. வெளிய வந்து, சரியான இடத்துக்குப் போய், ஒவ்வொரு வரியா டிக் போட்டு முடிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு அதே வேலை இன்னொரு பையனுக்குப் போச்சு. டீம்லயே செம ஷார்ப்பான பையன். தாளைக் குடுத்தேன், "வேணாங்க்கா, எல்லாம் தெரியும்"னான். மறுநாள் காலைல வரைக்கும் எல்லாரும் பேக்கப் எடுத்துப் போட்டுட்டு உக்காந்திருந்தோம். அவனைக் குத்தம் சொல்லல. அந்த வேலையை மண்டைல இருந்து பண்ணினா யாரா இருந்தாலும் ஒருநாள் அப்படித்தான் ஆகும்.

சரி, இனி நான் அடிக்கடி கேக்கற ரெண்டு வசனத்துக்கும் பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு, "உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க." கேக்கட்டுமே! மீட்டிங்ல பேசினதை நாலு வரில எழுதி அனுப்பினா டீம்ல யாருக்கு நஷ்டம்? புதுசா சேந்த பையனுக்கு உதவும், லீவுல போனவங்களுக்கு உதவும், 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே'ன்னு பின்னாடி கிளம்பற சண்டை பாதி கொறையும். நான் கேக்கறது லீவு இல்ல, சம்பள உயர்வு இல்ல, நாலு வரி.

ரெண்டு, "முடியலன்னா ரெஸ்ட் எடுத்துக்கலாமே." எடுத்துக்கலாம். மாத்திரை, ரத்த டெஸ்ட், வருஷா வருஷம் கண் பரிசோதனை, இதுக்கெல்லாம் யார் பணம் கட்டறது? வேலை போனா ஆபீஸ் குடுக்கற இன்சூரன்ஸும் சேந்து போகும். நோயோட இருக்கறவ வேலைக்கு வர்றது பொழுது போகாம இல்லீங்க.

சட்டம் இருக்கேன்னு சிலர் சொல்லுவீங்க. இருக்கு. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகை குறைபாட்டைப் பட்டியல் போட்டிருக்கு. தலசீமியா, ஹீமோபிலியா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் அதுல இருக்கு, நல்ல விஷயம். தேவைக்கேத்த மாதிரி வேலை முறையை மாத்திக் குடுக்கறதைப் பத்தியும் பேசுது. ஆனா பட்டியல்ல லூபஸ் இல்ல. மூட்டோ கண்ணோ நிரந்தரமாப் போனா அந்தக் கணக்குல சேத்துக்கலாம். வந்து வந்து போற மூட்டத்தை எந்த சர்ட்டிபிகேட்ல எத்தனை சதவீதம்னு எழுதுவாங்க? ஆக, என் நெலைமை மொத்தமும் ஒரு மேனேஜரோட நல்ல மனசை நம்பித்தான் இருக்கு. அந்த நல்ல மனசு, 'இது ஸ்கூலா'ன்னு கேக்குது.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிடணும். நாலு வருஷமா மறைச்சேன். வார்த்தை வரலன்னா 'நெட் கட்டாயிடுச்சு'ன்னு மைக்கை மியூட் பண்ணுவேன். யாராவது பேசினதைப் புரியாமலே 'ஓகே ஓகே'ன்னு சொல்லிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து பழைய மெயிலைத் தோண்டுவேன். அந்த முழிப்பால மறுநாள் மூட்டம் இன்னும் ஜாஸ்தி. நல்லா இருக்கற மாதிரி நடிக்கறதுக்கே பாதி சக்தி செலவாச்சு. மிச்சம் பாதில வேலை பாத்துட்டு, 'கவனம் பத்தலை'ன்னு அப்ரைசல்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன். நான் சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேட்டா, நியாயமான கேள்விதான்.

அதனால அடுத்த மாசம் வர்ற அப்ரைசல் ஃபாரத்துல எழுதப் போறேன். வியாதி பேர், மூட்டம்னா என்ன, எனக்கு என்ன வேணும், அது இல்லாம என்ன ஆகும், அந்தப் பன்னெண்டு வரித் தாளோட நகல், எல்லாம். டீம் லீட் பொறுப்புக்கு என் பேர் அடிபட்டுட்டு இருக்கு. இதை எழுதினா அது கைவிட்டுப் போகலாம்னு தெரியும். பயமாத்தான் இருக்கு. ஆனா நடிச்சு வாங்கற பொறுப்பை நடிச்சுத்தான் காப்பாத்தணும், அதுக்கு என் உடம்புல தெம்பு இல்ல.

உங்க டீம்லயும் ஒருத்தர் இருப்பாங்க. திடீர்னு பேச்சு நின்னு போறவங்க, கேட்டதையே திரும்பக் கேக்கறவங்க. அடுத்த தடவை 'தூங்கலையா?'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, 'எழுதி அனுப்பட்டுமா?'ன்னு கேட்டுப் பாருங்க. காரணம் எல்லாம் விசாரிக்க வேணாம். அது போதும்.

டிஸ்கி: பின்னூட்டத்துல வல்லாரை, பிரம்மி, பாதாம், மூச்சுப் பயிற்சி பரிந்துரைக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே நன்றி. எல்லாம் அம்மா குடுத்துட்டாங்க. அப்ரைசல் முடிஞ்சதும் என்னாச்சுன்னு வந்து சொல்றேன். மறந்துடாம இருக்க, காலண்டர்ல எழுதி வெச்சாச்சு :-)