மில்லுக்கு வந்த அழுகை

சொத்துப் பேச்சு நடக்கும் எந்தக் கூடத்திலும் "உணர்ச்சிவசப்படாம பேசும்மா" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். எங்கள் உறவில் நடந்த பாகப் பேச்சிலும் எழுந்தது. வீட்டை விற்க வேண்டாம் என்ற தங்கைக்குக் குரல் கம்மியது. வழிகாட்டி மதிப்பு, சதுர அடி விலை, வரி என்று அடுக்கிய அண்ணனுக்குக் கம்மவில்லை. அதை வைத்தே, அவர் பேசுவது அறிவு, இவள் பேசுவது அழுகை என்று கூடம் தீர்ப்பு எழுதிவிட்டது. அண்ணனின் அவசரமும் ஓர் உணர்ச்சிதான். என்ன, அதன் கையில் கால்குலேட்டர் இருந்தது.

உணர்ச்சியை வெளியே நிறுத்திவிட்டால் மிஞ்சுவது ஞானம் என்று நம்பி, ஒரு பிள்ளையையே வளர்த்துப் பார்த்த தகப்பன் உண்டு. லண்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் மில். உணர்ச்சிப் பெருக்கு என்றாலே ஒருவகைப் பைத்தியம் என்று எண்ணியவர். 1806-ல் பிறந்த மூத்த மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கினார். எட்டு வயதில் லத்தீன், பன்னிரண்டில் தர்க்கம், பதிமூன்றில் பொருளாதாரம். விடுமுறை கிடையாது. ஊர்ப் பையன்களோடு விளையாட்டும் கிடையாது. காலை நடையில், முந்தின நாள் படித்ததைத் துண்டுக் காகிதக் குறிப்புகளைப் பார்த்து அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும்.

அப்பாவும் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். கிரேக்க - ஆங்கில அகராதி அப்போது இல்லை. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் பையன் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். பொறுமை என்பதே அறியாத அந்த மனிதர் அத்தனை குறுக்கீட்டையும் தாங்கிக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை விடாமல் எழுதினார். அந்தப் புத்தகம் நம்மைப் பற்றியது. 1817-ல் வெளிவந்த 'பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு'. இந்தியாவில் கால் வைக்காமல், இங்குள்ள மொழி ஒன்றும் தெரியாமல் எழுதியது. பார்க்காததும் மொழி அறியாததும் குறையே இல்லை, நடுநிலைக்கு அதுவே நல்லது என்று முன்னுரையிலேயே வாதாடியிருக்கிறார்.

வளர்ப்பு பலித்தது போலத்தான் இருந்தது. பதினேழு வயதில் மகன், அப்பா வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனியிலேயே சேர்ந்தான். உலகைச் சீர்திருத்துவதே லட்சியம் என்று எழுதினான், மேடைகளில் வாதாடினான். 1826-ல், இருபது வயதில், தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டான்: நான் விரும்பும் சீர்திருத்தம் எல்லாம் இந்த நிமிஷமே நிறைவேறினால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா? இருக்காது என்று உள்ளிருந்து பதில் வந்தது. அதோடு ஆள் இடிந்து போனான்.

படித்தான், கூட்டத்தில் பேசினான், எல்லாம் பழக்கத்தால். ஸ்வரங்கள் சிலவே என்பதால் உலகில் புதிய மெட்டுகள் ஒருநாள் தீர்ந்துபோகுமே என்றுகூட வருந்தினான். நம் கச்சேரி ரசிகர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பையனுக்கு அது நிஜமான வேதனை. எதையும் பிரித்துப் பார்க்கவே பழக்கப்பட்ட மனசு, பிரித்தவற்றில் எதன் மேலும் ஆசை வைக்க முடியாமல் தவித்தது. அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. அப்பாவிடம் சொல்வதை அவனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து மார்மான்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகள் கையில் கிடைத்தன. தந்தை இறந்து வீடே கலங்கி நிற்கையில், சிறுவனான மகன் "உங்கள் எல்லோருக்கும் இனி நான் இருக்கிறேன்" என்னும்படி எழுந்து நிற்கும் இடம். படித்ததும் மில்லுக்குக் கண்ணீர் வந்தது. தனக்கு அழ வருகிறது என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. 1828-ல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் மிச்ச மருந்தைக் கொடுத்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அழுகை தந்த தெம்பில் மில் தர்க்கத்தைத் தூக்கி எறியவில்லை. 1843-ல் தர்க்கவியல் பற்றியே பெரிய நூல் எழுதினார். நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு, 1867 மே 20-ல், தன் 61-வது பிறந்த நாளில், பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக விழுந்தவை 73 வாக்குகள், திருத்தம் தோற்றது. தோற்றாலும் அந்த வாதம் நின்றது. அறிவு வாதத்தைக் கட்டியது. யாருக்காக வாதாட வேண்டும் என்று காட்டியது மனசு.

மனசு எட்டாத இடத்தில் அதே அறிவு சறுக்கியதையும் நாம் பார்க்கலாம். 35 ஆண்டுகள் இந்திய நிர்வாகக் கடிதங்களை எழுதிய மில், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சுதந்திரம் பற்றி 1859-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூல், நம்மைப் போன்ற மக்கள் இன்னும் அதற்குப் பக்குவப்படவில்லை என்று ஒதுக்கி வைக்கிறது. தர்க்கத்தில் குறையில்லை. கணக்கில் நம்மைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் மனசு சொல்கிற வழியே போதுமா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் அதிலிருந்த வயதான பெண். பிள்ளை பிடிக்கும் கும்பல் திரிகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் அந்தப் பெண் இறந்தார். அடித்தவர்களைக் கூட்டியது பெற்ற பாசம்தான், அது பொய்யல்ல. "எந்த ஊர், எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுச் சரிபார்க்கும் நிதானம்தான் அங்கே இல்லை.

யாரைக் கணக்கில் சேர்ப்பது என்று மனசு சொல்ல வேண்டும். கேள்விப்பட்டது நிஜமா என்று அறிவு கேட்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் ஊர் கெடும்.

எனவே, பெரிய முடிவு எதையும் எடுக்கும்முன் லாப நஷ்டம் எழுதுகிற தாளிலேயே, அந்த முடிவால் அடிபடப் போகிறவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். கோபத்தில் கை துடிக்கும்போது ஒரு போன் செய்து விசாரியுங்கள். கோச்சிங் வகுப்புக்கு அனுப்பும் பிள்ளையிடம், மார்க்கைக் கேட்பதற்கு முன், அந்த வாரம் அவனுக்கு எதில் சந்தோஷம் இருந்தது என்று கேளுங்கள்.